காற்று தள்ளாது, தூக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கரையோரத்தில் வீடு திருத்துகிறவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டாலும் போட்டேன், கடிதமும் வட்சப்புமாக வந்து குவிந்துவிட்டது. வாஸ்து கேட்டவர் மன்னிக்கவேண்டும், அது என் தொழில் இல்லை. ஓவசியராக அத்திவாரக் கிடங்குகளுக்குள் நின்று கழித்த ஆள் நான். எனக்குத் தெரிந்தது கல்லும் கம்பியும்தான். இந்த முறை ஐந்து கேள்விகளை எடுத்திருக்கிறேன்.

ஐயா, எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி. 1990 இல் போரால் விட்டுவிட்டு ஓடி, 2017 இல்தான் வளவைத் திரும்பக் கண்டோம். கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. ஆனால் அப்பா காலத்துச் சுண்ணாம்புக்கல் சுவர் நாலு பக்கமும் நிற்கிறது. அதற்கு மேலேயே தகரச் சீற் போட்டால் போதும் என்கிறார் மேசன். கடல் கூப்பிடு தூரம். சூறாவளி வந்தால் சுவர் தாங்குமா?

நீங்கள் சுவரைக் கேட்கிறீர்கள், நான் முதலில் கூரையைச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். காற்று வீட்டைத் தள்ளி விழுத்தும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தள்ளும்தான், ஆனால் அதற்கு முன்னமே கூரையைத் தூக்கிவிடும். கூரைக்கு மேலால் வேகமாகப் போகும் காற்று உறிஞ்சி இழுக்கிறது, விறாந்தையாலும் உடைந்த யன்னலாலும் உள்ளே புகுந்தது கீழே இருந்து முட்டுகிறது. மணிக்கு 120 கிலோமீற்றர் காற்றில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 70 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றின் கூரைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 கிலோ சீமெந்துப் பை பதினைந்தின் பாரம் மேல்நோக்கி இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு, அதாவது அறுபது பை. தகரச் சீற்றின் சொந்தப் பாரமோ சதுர மீற்றருக்கு ஐந்து கிலோ வந்தால் பெரிய விஷயம். அது தானாகக் கீழே இருக்கப்போவதில்லை, எதனாலாவது பிடித்து வைக்கவேண்டும்.

அதனால் மேசனிடம் என்ன சீற் என்று கேட்காதீர்கள், எது எதைப் பிடிக்கிறது என்று கேளுங்கள். சீற்றை அதற்குக் கீழே குறுக்கே ஓடுகிற சலாகை பிடிக்கவேண்டும், சலாகையைச் சரிவில் இறங்குகிற கைமரம், கைமரத்தைச் சுவருக்கு மேல் படுத்திருக்கிற வளை, வளையைச் சுவர், சுவரை அத்திவாரம். நான் பார்த்த வீடுகளில் அறுந்த இடம் பெரும்பாலும் கைமரமும் வளையும் சந்திக்கிற இடம்தான். அங்கே சாய்த்து அடித்த இரண்டு ஆணி இருக்கும், அவ்வளவுதான். ஆணி மேலிருந்து வரும் பாரத்துக்குச் சரி. கீழே இருந்து இழுத்தால், அதுவும் விட்டுவிட்டு ஆட்டி ஆட்டி இழுத்தால், பல் கழன்ற மாதிரி வந்துவிடும். நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புப் பட்டியைக் கைமரத்துக்கு மேலால் வளைத்து, இரண்டு பக்கமும் வளையோடு சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். முழுக் கூரைக்கும் சேர்த்து அதன் செலவு முன்கதவுக்குப் பூட்டு வாங்குகிற காசுக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் பூட்டைத்தான் கடை கடையாக ஏறி இறங்கித் தேடுவார்.

இனிச் சுவர். இருபத்தேழு வருடம் மழையில் நனைந்த சுவர் அது. முதலில் ஆலோ அரசோ வேரோடியிருக்கிறதா என்று பாருங்கள். வேரோடிய பகுதியைக் கழற்றத்தான் வேண்டும், வெட்டிவிட்டால் திரும்பத் தளிர்க்கும். பிறகு ஒரு மூன்றங்குல ஆணியால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சுண்ணாம்புச் சாந்தைக் கிண்டிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் அந்தச் சுவரை நம்பிக் கூரை ஏற்றவேண்டாம், கல்லை எடுத்துச் சுத்தமாக்கித் திரும்பக் கட்டுங்கள், கல் எங்கும் போகாது. சாந்து இறுக்கமாக இருந்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சுவரும் நேராக நின்றால், அப்பா கட்டியதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாலு மூலையையும் வெட்டி, புதிய அத்திவாரத்திலிருந்து கம்பி எழுப்பிக் கொங்கிறீற் தூண் போடுங்கள். சுவரின் தலையில் சுற்றிவர ஒரே பீம், எங்கும் அறாமல். அந்தப் பீமுக்குள்ளேயே வளையைப் பிடிக்கிற போல்ற்றை நிறுத்திவிட்டுக் கொங்கிறீற் போடவேண்டும், நாலு அடிக்கு ஒன்று, மூலைகளில் இன்னும் கிட்டக் கிட்ட. பீம் இறுகிய பிறகு துளைபோட்டுச் செருகலாம் என்று சொல்கிற ஆளை நம்பவேண்டாம்.

கூரையை நாலு பக்கமும் சரியவிடுங்கள். இரண்டு பக்கச் சரிவில் முக்கோணச் சுவர் தனியாக நின்று காற்று வாங்கும், முதலில் விழுவதும் அதுதான். தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டவேண்டாம். விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒன்றாக இழுக்காமல் வேறாகப் போடுங்கள். ஊருக்குச் சொன்ன புத்தியை நானே கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்கழியில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையால் ஏறிய இரவு, என் விறாந்தைச் சீற் போகும்போது வீட்டு ஓட்டிலும் இரண்டு வரிசையை அள்ளிக்கொண்டு போனது. ஒரே கைமரத்தை நீட்டி விறாந்தை இறக்கியிருந்தேன். மரம் மிச்சம் பிடித்தேனாம்! மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

யன்னல்களுக்கு அலுமினியமும் கண்ணாடியும் போட்டு இழுத்து மூடுகிற மாதிரிச் செய்வோம் என்கிறார் என் கணவர். பழைய பலகை யன்னலே இருக்கட்டும், புயல் நேரம் எதிரெதிர் யன்னலைத் திறந்துவிட்டால் காற்று புகுந்து வெளியே போய்விடும், கூரை தப்பும் என்கிறார் மாமி. யார் சரி? – வாசகி, பருத்தித்துறை

தங்கச்சி, குடும்பத்துக்குள் நான் தலையிட விரும்பவில்லை, ஆனாலும் மாமிக்குப் பாதி மார்க் கொடுக்கத்தான் வேண்டும். பலகை யன்னல் சரி. திறந்துவிடுவது பிழை. புயலுக்குள் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். எந்த யன்னலால் புகும், எதனால் போகும் என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாது. திறந்த வீட்டுக்குள் வந்த காற்று கூரையைக் கீழே இருந்து தூக்கும், மேலே கணக்குச் சொன்னேனே, அந்தப் பைகளோடு இன்னும் சில பை சேரும். எல்லாவற்றையும் இறுக்கி மூடுங்கள்.

கண்ணாடி ஆசை கணவருக்கு இருந்தால் இருக்கட்டும், வெளிச்சம் நல்லதுதானே. ஆனால் அதற்கு வெளியே பலகைக் கதவு வேண்டும், உள்ளே குறுக்குச் சட்டம் போடுகிற மாதிரி. கண்ணாடியைக் காற்று உடைப்பது குறைவு, பக்கத்து வீட்டுத் தகரமும் தேங்காயும் வந்து உடைப்பதுதான் அதிகம். பிணைச்சலுக்குப் பித்தளை வாங்குங்கள். கடற்காற்றில் இரும்புப் பிணைச்சல் இரண்டு மாரிக்குள் கறள் பிடித்து இறுகிவிடும், மூடவேண்டிய அன்றைக்கு மூட வராது.

மணற்காட்டில் இருக்கிறேன். வாசலில் மலைமலையாக மணல் கிடக்க, டிப்பர் மணலுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் உவர்தான். இரண்டையும் பாவித்துக் கொங்கிறீற் போடலாமா?

வேண்டாம் தம்பி. சூறாவளி பத்து வருடத்துக்கு ஒருமுறை வரலாம், வராமலும் விடலாம், உப்பு ஒவ்வொரு நாளும் வருகிறது. சீமெந்து கம்பியைச் சுற்றி ஒரு காரத் தோலைப் போர்த்தி வைத்திருக்கும், அது இருக்கும்வரை கம்பிக்கு ஒன்றும் ஆகாது. உப்பு உள்ளே போனால் அந்தத் தோலைத் தின்றுவிடும். கறள் பிடித்த கம்பி ஊதும், ஊதினால் கொங்கிறீற் வெடிக்கும், பீமின் அடியில் கீறல் விழுந்து கட்டி கட்டியாகப் பெயரும். கரையோரத்தில் கட்டி இருபது வருடம்கூட ஆகாத வீடுகளிலேயே பெயர்ந்த பீமுக்குள்ளால் செங்கம்பி தெரிவதைப் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியில் பூசி மறைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட பீமில் எத்தனை போல்ற் நிறுத்தினாலும் என்ன, காற்று பீமின் ஓரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

தண்ணீருக்கு ஒரு எளிய சோதனை: அதில் போட்ட தேத்தண்ணியை நீங்கள் குடிப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் கம்பிக்கும் கொடுக்காதீர்கள். பவுசரில் நல்ல தண்ணீர் எடுங்கள், அல்லது மாரியில் பீப்பாய்களில் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கொங்கிறீற் இருக்கவேண்டும். அதற்குக் கம்பியின் கீழே சீமெந்துக் கட்டை வார்த்து வையுங்கள், சல்லியைச் செருகினால் கம்பி கட்டும் பையன் ஏறி மிதிக்க அது நழுவிவிடும். கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்ற விடாதீர்கள், குழைவாக இருந்தால் மேசனுக்குச் சுகம், உங்களுக்குத் துவாரம். போட்டபின் ஒரு கிழமையாவது சாக்குப் போட்டு நனையுங்கள், நல்ல தண்ணீரால்தான்.

மணலையும் கிடக்கிற இடத்தில் கிடக்க விடுங்கள். அந்த மேடும் சவுக்கங்காடும்தான் உங்கள் வீட்டின் முதல் சுவர். உங்கள் ஊர்ப் பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் புதைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த ஆளுக்கு, காற்றும் மணலும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரொறன்ரோவில் இருக்கிறேன். 2018 இல் புளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் சூறாவளி ஊரையே துடைத்துக்கொண்டு போக ஒரு வீடு மட்டும் நிற்கிற படம் பார்த்தேன். வல்வெட்டித்துறையில் அம்மா அப்பாவுக்கு அப்படித் தூணில் ஒரு வீடு கட்டலாமா? செலவைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

செலவைப் பற்றி யோசிக்கவேண்டாம் என்று எனக்கு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான், வாழ்க. மைக்கேல் என்ற ஹரிக்கேன் அது, எங்கள் சூறாவளியின் அத்திலாந்திக் பெயர்தான் ஹரிக்கேன். அந்த வீட்டின் தூண்கள் மணலுக்குள் 40 அடி இறங்கியவை, சுவர் ஒரு அடிக் கொங்கிறீற், யன்னல்கள் குறைவு, தாழ்வாரமும் நீட்டாமல் விட்டது. கடல் வீட்டுக்குக் கீழால் போனது. கீழே இருந்த மறைப்புகளும் படிக்கட்டும் அள்ளுண்டு போயின. வந்தால் அவை போகட்டும், வீடு நிற்கட்டும் என்றுதான் கட்டியிருந்தார்கள். அதே புளோரிடாவில் 1992 இல் அன்ட்ரூ அடித்தபோது எத்தனையோ வீடுகளின் கூரைப் பலகை ஆணி சரியாக இறங்காததால் கழன்று போனது, அதற்குப் பிறகுதான் அங்கே கட்டட விதிகள் இறுகின. பணக்கார நாடும் ஆணியில்தான் பிழைவிட்டது.

உங்களுக்கு 40 அடித் தூண் தேவைப்படாது. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை, வல்வெட்டித்துறைப் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் வெட்டினாலே பாறை தட்டும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் நீங்கள் பயப்படுவது நியாயம். பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். புயல் தள்ளுகிற தண்ணீர் கீழே போக இடமில்லாமல் கரையில் ஏறும். 1964 மார்கழியில் தனுஷ்கோடியை ரயிலோடு கொண்டுபோனது இந்தக் கடல்தான். அம்மாவிடமும் அயலில் உள்ள வயது போனவர்களிடமும் 64 இல் தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று கேளுங்கள், அதற்கு மேலே இரண்டு அடி வைத்து வீட்டுத் தரையை உயர்த்துங்கள். முழு வீட்டையும் பத்தடித் தூணில் ஏற்றினால் ஒவ்வொரு நாளும் படியேறப்போவது உங்கள் அம்மாவின் முழங்கால்தான்.

மிச்சக் காசுக்கு நடு வீட்டில் ஒரு அறைக்கு நாலு பக்கமும் கம்பி போட்ட சுவரும் மேலே சிலாப்பும் போடுங்கள், கூரை போனாலும் அவர்கள் இருக்க ஒரு இடம் இருக்கும். வரைபடத்துக்கு முன்னம் இன்னொன்று: கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கட்டத் தொடங்கிவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

நெடுந்தீவு. புதுவீடு கட்ட எங்களிடம் வசதியில்லை. ஓடும் சீற்றும் கலந்த பழைய கூரை. மழைக்கு முன்னம் கைச்செலவோடு என்ன செய்யலாம்?

ஒரு பகல் போதும். சீற்றின் ஓரத்திலும் முகட்டிலும் எல்லா வளைவிலும் போல்ற் இருக்கிறதா என்று பாருங்கள், காற்று முதலில் பிடிக்கிறது ஓரத்தைத்தான். வொஷர் இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். ஓட்டில் தாழ்வார வரிசையையும் முகட்டு ஓடுகளையும் கம்பியால் சலாகையோடு கட்டுங்கள், நடுவில் கிடப்பவை தங்கள் பாரத்திலேயே ஓரளவு இருக்கும். கைமரங்களுக்குப் பட்டி வாங்கக் காசில்லையென்றால் நாகம் பூசிய தடித்த கம்பியை இரண்டு மடிப்பாக வளையோடு முறுக்கிக் கட்டுங்கள், ஆணிக்கு அது எவ்வளவோ மேல். கூரைக்கு மேல் கல்லும் பழைய ரயரும் ஏற்றி வைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அதை இறக்குங்கள், புயலில் அது பக்கத்து வீட்டுக்குப் போகும் குண்டு.

பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கி இருந்தால் புயல் எச்சரிக்கை கேட்டதும் நிரப்பி வையுங்கள். ஆயிரம் லீற்றர் நிறைந்தால் ஒரு தொன், அசையாது, வெறும் தாங்கி பறக்கும். அப்புறம் கரண்ட் இல்லாத நாட்களில் குடிக்கவும் உதவும்.

ஏணியில் ஏறும்போது கீழே பிடிக்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கைமரத்தில் கால் வைக்க முன்னம் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று கேட்டால் கறையான்.