பேட்டரியை மாற்றும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

(ஜார்ஜ்டவுனில் கார் வயரிங் பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, புது பேட்டரி போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறையில் இன்னொன்று வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. புது பேட்டரி இவ்வளவு சீக்கிரம் படுத்தால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

பேட்டரிக்குள் மின்சாரத்தை நிரப்பி வைத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது ரசாயனம்தான். ஆறு அறைகள்; ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், ஈய டை ஆக்சைடு தகடுகள், அவற்றைச் சுற்றி நீர்த்த கந்தக அமிலம். ஓர் அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். சாவியைத் திருப்பினால் இரண்டு வகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறத் தொடங்கும், அமிலத்தின் வீரியம் குறையும். மின்சாரம் அந்த மாற்றத்தில் பிறப்பது. இன்ஜின் ஓடும்போது, பெல்ட் வழியாக அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், எதிர்த்திசையில் மின்சாரத்தைத் தள்ளி, தகடுகளைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. 1859இல் பிரான்சில் பிளான்டே செய்து காட்டிய அதே வேலை இன்றும் உங்கள் பானெட்டுக்குள் நடக்கிறது.

ஆல்டர்னேட்டர் அதைச் செய்யாவிட்டால் எத்தனை பேட்டரி போட்டாலும் சாகும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கூட நின்று நீங்களும் பாருங்கள். நன்றாக ஏறிய பேட்டரி, கார் இரவு முழுக்க நின்ற பிறகும் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டால் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12லேயே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். சரியாக ஏறுகிறதா? அப்படியானால் டேஷ்கேமோ பூட் விளக்கோ இரவில் மின்சாரத்தை இழுக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், இறங்கிப்போன பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே விடாதீர்கள். சல்பேட் கெட்டிப்பட்டுவிட்டால் எந்தச் சார்ஜருக்கும் அசையாது.

கேள்வி: உப்பு கலந்த தண்ணீரில் 9 வோல்ட் பேட்டரியை இணைத்தேன். குமிழி வந்தது, நீச்சல் குளம் மாதிரி வாடையும் வந்தது. ஏன்? – படிவம் நான்கு மாணவி, பிறை

பதில்: அந்த வாடை குளோரின் சம்பந்தப்பட்டது, மகளே. உடனே நிறுத்து, சன்னலைத் திற. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, அதனால்தான் எதையாவது கலக்கிறோம். ஆனால் சாப்பாட்டு உப்பு போட்டால் நேர்முனையில் ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் கிளம்பும். சமையல் சோடா போடு, முனைகளுக்குப் பென்சில் கரி வை. எவர்சில்வர் கரண்டி வேண்டாம், நச்சுள்ள குரோமியம் கரைந்து வரலாம். எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் ஆக்சிஜன் வரும். கொள்ளளவில் ஹைட்ரஜன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வோல்டா தன் மின்கலத்தை அறிவித்த அதே 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் இப்படித்தான் தண்ணீரைப் பிரித்தார்கள்.

கார் பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலும் இதே ஹைட்ரஜன் வரும், தண்ணீர் குறையும். அதனால்தான் பேட்டரி பக்கத்தில் சிகரெட் கூடாது என்று பட்டறையில் யாரையும் விடாமல் விரட்டுவேன். ஒரு பொறி போதும், ஹைட்ரஜன் வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்யும்போது, ஜம்பர் கேபிளின் கடைசிக் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜின் இரும்பில் மாட்டச் சொல்வதும் இதற்காகவே.

கேள்வி: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போடுகிறோம். ஐஸ்பெட்டியைப் போட்டதும் ஜெனரேட்டர் முனகி, விளக்குகள் மங்குகின்றன. பழுதா? – தொண்டர், ஜார்ஜ்டவுன்

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை தம்பி. காந்தப்புலம் மாறும் இடத்தில் கம்பிச்சுருள் இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டார். அந்த மின்சாரத்தை நீங்கள் இழுக்க இழுக்கச் சுழற்சிக்கு எதிர்ப்பு கூடும், இன்ஜின் அதிக பெட்ரோல் எரித்து ஈடுகட்டும். கிளம்பும் நொடியில் ஐஸ்பெட்டியின் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், முனகல் அதனால்தான். ஐஸ்பெட்டியை முதலில் ஓடவிட்டு, பிறகு விளக்குகளைப் போடுங்கள்.

ஜெனரேட்டரைப் பந்தலுக்குள்ளோ வேன் உள்ளேயோ மட்டும் வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மழை வந்தாலும் சரி, வெளியே, ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, நாற்புறமும் காற்றுப் போகும்படி மேலே மட்டும் கூரை போட்டு வையுங்கள்.