சாய்ந்த கருப்பையில் குழந்தை தங்குமா? மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர், ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கருப்பை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது' என்று இருக்கிறது. குழந்தை தங்காது என்கிறார் மாமியார்.

பதில்: தாராளமாகத் தங்கும். பலருக்குக் கருப்பை முன்பக்கம், சிறுநீர்ப்பையின் மேல் கவிழ்ந்திருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மலக்குடல் பக்கம் சாய்ந்திருக்கும். கரு வளரும்போது பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். மாதவிலக்கிலும் உறவிலும் கடும் வலி இருந்தால் மட்டும் சொல்லுங்கள், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உண்டா என்று பார்க்க வேண்டும். பதிலை மாமியாரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: குழாயில் கரு தங்கியதால் இடது கருக்குழாயை எடுத்துவிட்டார்கள். இடது சினைப்பையின் முட்டைகள் இனி வீண்தானா?

பதில்: இல்லையம்மா. பாடப்புத்தகப் படங்கள் செய்த குழப்பம் இது. அவற்றில் குழாய்கள் இருபுறமும் நீட்டி விறைத்து நிற்கும். உடலுக்குள் அப்படியில்லை. சுமார் 10 செ.மீ. நீளமுள்ள குழாய் வளைந்து தொங்கும், அசையவும் செய்யும். குழாயின் வாய் சினைப்பையோடு இணைந்த குழல் அன்று. அதன் விளிம்பில் உள்ள விரல் போன்ற இழைகள் சினைப்பையைத் தடவி முட்டையை உள்ளே இழுக்கின்றன. கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை இரு பக்கமும் பகிர்ந்துகொள்வதால், இடது முட்டையை வலது குழாய் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒரு பக்கம் சினைப்பையும் மறுபக்கம் குழாயும் மட்டுமே உள்ள பெண்கள் இயல்பாகக் கருவுற்றிருக்கிறார்கள். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: அடுத்த முறை நாள் தள்ளினால் உடனே வந்து ஸ்கேன் எடுங்கள். மீண்டும் குழாயில் தங்கும் வாய்ப்பு உங்களுக்குச் சற்று அதிகம்.

கேள்வி: உதிரத்தைப் பிடிக்க யோனிக்குள் வைக்கும் மாதவிலக்குக் கோப்பை வயிற்றுக்குள் போய்விடாதா? மகளின் கன்னித்திரை கிழியுமா?

பதில்: போக வழியே இல்லை. யோனியின் மேல்முனையில் கருப்பை வாய் இருக்கிறது; அதன் துளை சில மில்லிமீட்டர்தான். சிறுநீர்த் துளையும் தனி என்பதால் கோப்பையோடே சிறுநீர் கழிக்கலாம். கன்னித்திரை என்பது மூடிய திரை அன்று, ஓர விளிம்பு. மூடியிருந்தால் மாதவிலக்கே வெளிவராது. கோப்பையால் அது விரியலாம், சிறிது கிழியவும் கூடும், அதனால் கேடில்லை. அதைப் பார்த்துக் கன்னித்தன்மையைச் சொல்லவே முடியாது. வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் யோனிக்குள் விரல் விட்டுப் பார்க்கும் 'இருவிரல் சோதனை'க்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் கண்டித்தது.

கேள்வி: வயது 44. கட்டிக்காகக் கருப்பையை எடுத்தார்கள், சினைப்பைகளை விட்டுவிட்டார்கள். அந்த இடம் வெற்றாகவா இருக்கும்?

பதில்: குடல் இறங்கி நிரப்பிவிடும். சினைப்பைகள் ஹார்மோன் சுரந்துகொண்டுதான் இருக்கும்.