ஆறரைச் சுற்று ஓடிவிட்டு மாடிப்படி இறங்க முடியாதவருக்கு

கேள்வி: எனக்கு வயது 42. கோவையில் வங்கி வேலை. ஒன்றரை ஆண்டாக ரேஸ் கோர்ஸில் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். இதுவரை அதிகபட்சம் நான்கு சுற்று. போன ஞாயிறு தோழிகளோடு ஆறரைச் சுற்று, அதாவது 16 கிலோமீட்டர் ஓடிவிட்டேன். ஐந்து சுற்றுக்கு மேல் கால் நகரவில்லை, பாதி நடைதான். அதன்பிறகு இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. "வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடு" என்கிறாள் தோழி. "இந்த வயதில் ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்" என்கிறார் மாமியார். ஜனவரியில் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா? இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் மாடிப்படியைப் பார்ப்போம். ஏறும்போது சமாளித்திருப்பீர்கள், இறங்கும்போதுதான் உயிர் போயிருக்கும். இறங்குகையில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே நைந்துபோன தசைக்கு அதுதான் கடினமான வேலை. இரண்டு தொடையும் ஒரேமாதிரி வலித்து, மூன்றாம் நாளிலிருந்து குறைந்தால் கவலை இல்லை. ஆனால் முன்காலெலும்பிலோ பாதத்திலோ ஓரிடத்தை விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்ட முடிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் செய்த தவறு 16 கிலோமீட்டர் ஓடியது அல்ல, பத்திலிருந்து நேராகப் பதினாறுக்குத் தாவியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியானது. முந்தைய 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காயங்கள் கூடுதலாக வந்திருக்கின்றன. வார மொத்தத்தைக் கூட்டியதில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. வாரக் கணக்கை நோட்டில் எழுதிவந்த என் போன்ற பழைய ஆட்களுக்கு இது சற்று அதிர்ச்சிதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு சம்மதித்துவிட்டது என்று கால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்னொன்று, நான்கு சுற்று ஓடும் வேகத்திலேயே அன்றும் கிளம்பியிருப்பீர்கள். தோழிகள் கூட இருந்தால் யாரும் முதலில் வேகத்தைக் குறைப்பதில்லை. தூரம் புதிதென்றால் வேகம் குறையத்தான் வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம்கூட அதிகமாக எடுத்துக்கொள்ளலாம். அலுவலகக் கதையை மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிகிற வேகம்தான் சரியான வேகம். நான் முதன்முதலில் 15 கிலோமீட்டர் ஓடியபோது குடையும் கையுமாக நடந்துவந்த ஒரு பெரியவர் என்னை முந்திச் சென்றார். வெட்கப்பட்டு வேகத்தைக் கூட்டினேன். அடுத்த மூன்று வாரம் குதிகாலில் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன சாப்பிட்டுவிட்டு ஓடினீர்கள் என்று எழுதவில்லை. ஒரு டம்ளர் காபி என்பது என் ஊகம். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 16 கிலோமீட்டரில் ஆயிரத்தைத் தொட்டுவிடும். கிளம்ப அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு நான்கைந்து பேரீச்சம்பழம், கொஞ்சம் தண்ணீர். சுற்றுப்பாதையில் ஓடுவதன் சௌகரியம் இதுதான்: ஸ்கூட்டர் கொக்கியில் பையை மாட்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கடை திறந்திருக்கும்! தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததற்கு அதில் பெரிய பங்கு இருந்தது.

உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மறந்தால், குளிக்கும்போது முதல் செம்புத் தண்ணீர் விழுந்ததுமே எங்கெல்லாம் உரசியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தோழியின் மாத்திரை வேண்டவே வேண்டாம். வியர்வையில் நீர் வற்றிய உடம்பில் ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாடாய்ப்படுத்தும். வலி எச்சரிப்பதையும் கேட்கவிடாமல் செய்துவிடும்.

மாமியாரிடம் கொஞ்சம் மரியாதையாகவே வாதாடலாம். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகவே ஓடுபவர்களில் 13.3 சதவீதம். "முட்டி நன்றாக இருப்பவர்கள்தானே ஓடுகிறார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான், ஒப்புக்கொண்டுவிடுங்கள். ஆனால் நெஞ்சு இறுக்கமோ, மயக்கமோ, இளவயதில் மாரடைப்பு வந்த குடும்ப வரலாறோ இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சுற்று. சோர்வு விடாமல் இருந்தால் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி கணக்கு. போன ஞாயிறு ஓடியதைப் பதினாறாக எண்ணாதீர்கள். கால் நின்ற இடமான ஐந்து சுற்றுதான் உங்கள் கையிருப்பு. வலி முழுதாகப் போனதும் அந்த ஐந்து சுற்றை மெதுவாக ஓடுங்கள். அடுத்த ஞாயிறு ஐந்தரை. மூன்றாவது ஞாயிறு நான்கு சுற்றோடு இறங்கி ஓய்வு. பிறகு ஆறு, ஆறரை, மறுபடி நான்கு. இப்படியே போனால் பத்தாவது வாரம் எட்டுச் சுற்று வந்துவிடும், அதற்குமேல் பயிற்சியில் வேண்டாம். மற்ற இரண்டு நாள் ஓட்டத்தை இப்போது உள்ளபடியே வைத்திருங்கள்.

பெயர் கொடுப்பதற்கு அவசரம் இல்லை. முன்பதிவுச் சலுகை போனால் போகட்டும். ஏழு சுற்று முடித்த ஞாயிறுக்கு மறுநாள் காலை, வங்கிக்குக் கிளம்பும்போது, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். இறங்க முடிந்தால் அன்றைக்கே பணம் கட்டிவிடுங்கள்.