வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

ஏற்காட்டில் காபித் தோட்டம் இருக்கிறது. கடைசி 3 கி.மீ. செம்மண் ஏற்றம், மழையில் வழுக்கும். மற்ற நாட்களில் சேலத்துக்குள்தான் ஓட்டம். வயதான அம்மாவும் வருவார். மஹிந்திரா தார் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

தோட்டத்துக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அம்மாவை நினைத்தால் மூன்று கதவுத் தார் வேண்டாம். பின் இருக்கைக்குப் போக, முன் இருக்கையை மடக்கி இடுக்கில் ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்களை அப்படி ஏற்றவே கூடாது. மாருதி ஜிம்னி, 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் இரண்டிலும் அம்மாவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஜிம்னி எடை குறைவு, சந்துகளில் சுலபமாகத் திரும்பும். ஆனால் பெட்ரோல் மட்டும்தான். மூட்டை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போனால் திணறும். சுமை உண்டென்றால் டீசல் தார் ராக்ஸ்தான்.

தாரில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வகையும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையும் குறைவு. உங்கள் பாதைக்கு அது உதவாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டியில் உள்ள '4 எல்' என்னும் தாழ்ந்த கியர்தான் உங்களுக்குத் தேவை. ஏறும்போது கிளட்ச்சை அரைக்காமல் ஊர்ந்து போகலாம். இறங்கும்போது முதல் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

நகரத்தில் கஷ்டம் உண்டு. உயரமான வண்டி வளைவில் சாயும், பின்னால் இருப்பவர்களுக்குக் குலுக்கல், மைலேஜும் குறைவு. கடையில் மட் டயர் (சேற்றுப் பாதைக்கான டயர்) போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஈரமான ரோட்டில் அதற்குப் பிடிப்புக் குறைவு, இரைச்சலும் அதிகம்.

ஃபோர் வீலில் போட்டுத் திருப்பினால் ஸ்டீயரிங் இறுகி, வண்டி துள்ளுகிறது. பழுதா?
– வாசகர், கூடலூர்

பழுதில்லை. காய்ந்த கெட்டி ரோட்டில் '4 ஹெச்' (நான்கு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கும் நிலை) போட்டதுதான் காரணம். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். தார், ஜிம்னி போன்றவற்றில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் என்னும் கியர் அமைப்பு கிடையாது. முறுக்கு முழுவதும், முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்ட் ஜாயின்டிலும் ஏறும். இப்படியே ஓட்டினால் அவை கெடும். லிவர் சிக்கிக்கொண்டால் சில அடி நேராகப் பின்னால் எடுத்து '2 ஹெச்'சுக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். '4 எல்' போடுவதற்கு முன் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள்.

ஓடையைக் கடந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, வால்பாறை

கடப்பதற்கு முன்பே ஆழத்தைக் கம்பால் அளந்துவிடுங்கள். மூன்று கதவுத் தாருக்கு நிறுவனம் சொல்லும் அளவு 650 மி.மீ.; அதுவும் வேகமாக ஓடாத தண்ணீருக்கு. நடுவில் இன்ஜின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்து வெளியே எடுப்பதே நல்லது. கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பலமுறை மிதித்துக் காயவிடுங்கள். அந்த வாரமே ஆக்ஸிலில் (சக்கர அச்சில்) உள்ள டிஃபரன்ஷியலைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மாற்றி, ஆக்ஸிலின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.