லூயிஸ் தீவு ஞானஸ்நானப் பதிவு: பெயரை மாற்றித் தேடுங்கள்

வணக்கம். 1850-இல் லூயிஸ் தீவில் பிறந்த டொர்மொட் என்ற மூதாதையரின் ஞானஸ்நானப் பதிவு, ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய ஏடுகளில் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதிவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

முதலில் பெயர். வீட்டில் கேலிக் பேசினாலும் ஏட்டை எழுதியவர்கள் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். டொர்மொட் அங்கே 'நார்மன்' ஆகியிருப்பார். தாயார் ஓய்ரிக் என்றால் 'எஃபி' அல்லது 'யூஃபீமியா' என்று தேடுங்கள். ஒலியில் துளியும் ஒட்டாது, ஆனால் அதுதான் அன்றைய வழக்கம்.

அப்புறம், 1843-இல் சபை பிளந்தபோது லூயிஸ் மக்கள் ஏறக்குறைய எல்லாருமே ஃப்ரீ சர்ச் பக்கம் போய்விட்டார்கள். அதன் ஏடுகள் தனி. எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய சபையின் ஏடுகள் 'சிஹெச்2' வரிசை, ஃப்ரீ சர்ச் ஏடுகள் 'சிஹெச்3' வரிசை. நீங்கள் இதுவரை இந்த 'சிஹெச்3' வரிசையைத் தொடவே இல்லை என்று நினைக்கிறேன்.

அதிலும் இல்லையென்றால் அவருடைய இறப்புப் பதிவைப் பாருங்கள். 1855 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவு கட்டாயம். ஸ்காட்லாந்தில் இறந்திருந்தால் பெற்றோர் இருவர் பெயரும், தாயாரின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் அதில் இருக்கும்.