சாக்கடைத் தவளைக்குப் புழு அதிகமா, கண்மாய்த் தவளைக்கா?

ராமநாதபுரம் டவுன் சாக்கடைத் தவளை, சித்திரங்குடி கண்மாய்த் தவளை, எதன் உடம்புக்குள் ஒட்டுண்ணிப் புழு அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். அழுக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். ட்ரெமடோடு என்னும் வகைத் தட்டைப்புழு முதலில் நத்தைக்குள் வளர்ந்தாக வேண்டும். சில இனங்களுக்குத் தவளையைத் தின்னும் கொக்கும் வேண்டும். கண்மாயில் எல்லாம் உண்டு. நத்தை இல்லாத சிமென்ட் வாய்க்காலில் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். நுரையீரலில் வாழும் ராப்டியாஸ் உருளைப்புழு அப்படியல்ல. அதன் இளம்புழு ஈரமண்ணிலிருந்து தோலைத் துளைத்தே ஏறும். டவுன் தேரைக்கும் அது வரும். ஆக, புழு வகை குறைவது வேறு, புழுச்சுமை, அதாவது ஒரு தவளைக்குள் உள்ள புழுக்களின் எண்ணிக்கை, குறைவது வேறு.

சோதிக்கத் தவளையைக் கொல்லவே வேண்டாம். காற்றுத் துளையுள்ள, கழுவிய டப்பாவில் ஈரத்துணி விரித்து ஒரு ராத்திரி வையுங்கள். எச்சத்தை உடனே எடுங்கள். மண் பட்டால் மண்ணில் வாழும் சாதாரண நூற்புழுக்கள் கலந்து ஏமாற்றிவிடும். 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 0.65 கிராம் உப்பு கரைத்து, அதில் ஒரு சொட்டுடன் எச்சத்தைக் குழைத்துப் பாருங்கள். உப்பில்லாத தண்ணீரில் புழு ஊதி வெடிக்கும். நம் கடலோரத்து உவர் போர் தண்ணீரில் உப்பு இந்த அளவை மிஞ்சினால் சுருங்கிப்போகும். மைக்ராஸ்கோப்பின் 10 மடங்கு லென்ஸிலேயே முட்டை தெரியும். ராப்டியாஸ் முட்டை என்றால் உள்ளே இளம்புழு சுருண்டு நெளியும். ஒருநாள் காணவில்லை என்றால் புழுவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். முட்டை தினமும் விழாது.