கல்யாண ஸ்டூடியோவுக்கு ரெய்டு 5 போதுமா?

மதுரை டவுன்ஹால் ரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ, கையில் 4 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு, ரெய்டு 5 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் ஃபைல் தப்பிக்கும்படி வைக்கும் முறைதான் இந்த ரெய்டு. நான் ரெய்டு 6 போடச் சொல்வேன்.

5-ல் 12 டிபி இடம் கிடைக்கும், 6-ல் 8 டிபிதான். சரி, ஏன் இடத்தை விட வேண்டும்? 5-ல் ஒரு டிஸ்க் போனதுமே பாதுகாப்பு தீர்ந்துவிடும். புது டிஸ்க்கை நிரப்ப மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரே சமயத்தில் வாங்கி ஒரே மாதிரி உழைத்த டிஸ்க்குகள் என்பதால், இன்னொன்றும் அப்போது காலை வாரலாம். 6-ல் எந்த இரண்டு போனாலும் ஃபைல் தப்பிக்கும். மாற்று டிஸ்க்கைச் சிஎம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் எழுதுவது) என்று கேட்டு வாங்குங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்எம்ஆர் வகை என்றால் நிரப்பும் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

அப்புறம், யுபிஎஸ் கட்டாயம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் பாரிட்டி, அதாவது போன டிஸ்க்கில் இருந்ததை மீட்க உதவும் கணக்குத் தகவல், பிசகலாம். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லா டிஸ்க்கையும் படித்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை) ஓடட்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் அது செருகியிருக்கும் தட்டின் முகப்பில் ஒட்டிவையுங்கள். பழுதானதை விட்டு நல்லதை உருவிவிடக் கூடாது.

ரெய்டு பேக்கப் ஆகாது. தை முகூர்த்த நெரிசலில் யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால், அது எல்லா டிஸ்க்கிலும் அழியும். தனி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து, ஸ்டூடியோவில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.